மடிக்கணினியின் விரைவு எங்கே உள்ளது?

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, சங்கச் செய்யுள் ஒன்றினைப் பற்றியோ, எம் கல்லூரியில் முன்னர்த் தமிழ் கற்பித்த பெரியார் ஒருவரைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ கணினியைப் பற்றியது. தமிழாசிரியன் ஒருவனுக்கு இத்துறையிற் புகுவதற்கு உரிமை யாது என வினவுவார்க்கு யாம் கூறும் விடை ஒன்றே. மடிக்கணினி வாங்கும் விடயத்தில் எம் மாணவர் இருவருக்கு யாம் பிழையான அறிவுரை கூறினோம். ஒருவனுக்குக் கூறிய பிழையைத் திருத்தப் புகுந்து மற்றவனுக்கு அதனினும் பெரும் பிழையைக் கூறினோம். அதன் பின்னரே இதனை முறையாகக் கற்கத் தொடங்கினோம்.

2019ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகம் புகவிருந்த மாணவன் ஒருவன் தன் தாயாருடன் எம் இல்லம் வந்தான். தாயார் சீட்டுப் பணத்தை எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தார். கடைக்காரர் ஏறக்குறைய ஒரே விலையில் இரு மடிக்கணினிகளைக் காட்டியிருந்தார். ஒன்றில் இன்டெல் நிறுவனத்தாரின் கோர் ஐ-5 என்னும் செயலியும், ஆயிரம் கிகாபைட் கொள்ளும் வன்தட்டும் இருந்தன. மற்றையதில் அதனிற் குறைந்த கோர் ஐ-3 செயலியும், 256 கிகாபைட் மாத்திரமே கொள்ளும் எஸ்.எஸ்.டி. என்பதொன்றும் இருந்தன. “சேர், உதில எதை எடுக்கிறது?” என்றான் மாணவன். எஸ்.எஸ்.டி. என்பது யாதென அன்று எமக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் இல்லை. “மூளை பெரிதாய் உள்ளதை எடு தம்பி, அதிலே பெட்டியும் பெரிதாய்த்தானே இருக்கிறது” என்றோம். “வாத்தியார் சொன்னால் சரிதான்” என்று கூறித் தாயார் மகனை அழைத்துச் சென்றார்.

முதல் விடுமுறைக்கு வந்த மாணவன் கணினியையும் உடன் கொண்டுவந்தான். பொத்தானை அழுத்தியபின் திரை ஒளிபெற்று, கோப்பு ஒன்று திறந்து, எழுதத்தக்க நிலைக்கு அது வருவதற்குள் யாம் மாணவர் இருவரின் கட்டுரைகளைத் திருத்தி முடித்துவிட்டோம். வாங்கி ஆறு திங்கள்தாமும் ஆகாத கணினி அது. கல்லூரியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் நண்பரிடம் அதனைக் கொடுத்தோம். அவர் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தி, டாஸ்க் மனேஜர் எனப்படும் பகுதியைத் திறந்து காட்டினார். செயலி நூற்றுக்கு எட்டுப் பங்கு வேலை செய்வதாகவும், வன்தட்டு நூற்றுக்கு நூறு வேலை செய்வதாகவும் அங்கே காணப்பட்டது. “சேர், புரொசெசர் வேலை செய்யேல்லை, காத்துக்கொண்டு நிக்குது” என்றார் நண்பர். எம் அறியாமை முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

ஈண்டுக் கணினியின் உறுப்புக்களைச் சிறிது விளக்குதல் வேண்டும். கணக்கிடுவது செயலி. கணக்கிடுவதற்கு வேண்டுவனவற்றை உடனுக்குடன் ஏந்தி நிற்பது நினைவகம். மாணவர் ராம் என்று கூறுவது இதுவே. மின்சாரம் நின்றவுடன் இது வெறுமையாகிவிடும். மின்சாரம் இல்லாதபோதும் கோப்புக்களையும் செயனிரல்களையும் வைத்திருப்பது தேக்ககம். வன்தட்டும் எஸ்.எஸ்.டி.யும் தேக்ககத்தின் இரு வகைகள். தேக்ககத்தில் உள்ளது எதுவாயினும் முதலில் நினைவகத்துக்கு வந்த பின்னரே செயலி அதனைத் தொட்டு வேலை செய்தல் இயலும்.

எம் பாட்டனாரின் வெங்காயத் தோட்டத்தை நினைந்தால் இதன் இயல்பு நன்கு விளங்கும். துலா மிதிப்பவர் ஒருவர். பட்டை பிடிப்பவர் ஒருவர். பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுபவர் ஒருவர். பட்டை கிணற்றுள் இறங்கி, நிறைந்து, மேலே வந்து சரிய, அந்நீர் வாய்க்கால் வழியே ஓடும். தண்ணீர் மாறுபவர் மண்வெட்டியால் ஒரு வரம்பை வெட்டி மற்றொன்றை அடைப்பார். அவர் எத்துணைக் கைவிரைவு உடையவராயினும், பட்டைக்கும் பட்டைக்கும் இடையே மண்வெட்டியை ஊன்றி நிற்பதன்றி வேறு செய்தற்கில்லை. அவரை விலக்கி, இருமடங்கு விரைவுடைய ஒருவரை அவ்விடத்தில் நிறுத்தினால் தோட்டம் முன்னரினும் விரைவில் நனைந்துவிடுமா? புதியவர் இன்னும் சிறிது நேரம் கூடுதலாகச் சும்மா நிற்பார், அவ்வளவே. கணினியில் தண்ணீர் மாறுபவர் செயலி, துலா வன்தட்டு, கிணற்றடித் தொட்டி நினைவகம். யாம் அம்மாணவனுக்குச் செய்தது, துலாவை அப்படியே விட்டுத் தண்ணீர் மாறுபவரை மாற்றியது.

வன்தட்டின் வரலாறு எமக்கு ஒருவகையில் நெருங்கியது. அதனை ஆக்கிய குழுவின் தலைவர் ஓர் ஆசிரியராய் இருந்தவர். ரெனால்ட் ஜோன்சன் என்பார் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி விஞ்ஞான ஆசிரியராய் இருந்தபோது, மாணவர் பென்சிலால் இட்ட குறிகளை மின்சாரத்தால் அறிந்து விடைத்தாள் திருத்தும் பொறி ஒன்றினை அமைத்தார். அதன் பயனாக 1934ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டனர். (விடைத்தாள் திருத்தும் பொறி எம் கல்லூரிக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதை இவ்விடத்திற் குறித்து வைக்கின்றோம்.) அவர் தலைமையிற் கலிபோர்னியாவில் ஆக்கப்பட்ட முதல் வன்தட்டு 1956ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுக்கள் ஒரே அச்சிற் சுழலும் அப்பொறி ஐம்பது இலட்சம் எழுத்துக்களைக் கொண்டது. எடை ஒரு தொன்னுக்கு மேற்பட்டது. வேண்டிய இடத்தைத் தேடி அடைவதற்கு அதற்குச் சராசரியாக ஒரு விநாடியில் ஆறு பதின்கூறு வேண்டியிருந்தது.

அன்று தொடக்கம் இன்று வரை வன்தட்டுக்கள் அளவிற் சுருங்கியும், கொள்ளளவிற் கற்பனைக்கு எட்டாதவாறு பெருகியும் வந்துள்ளன. ஆயினும் அடிப்படை முறை மாறவில்லை. தட்டுச் சுழல்கின்றது, புயம் ஒன்று அசைந்து வேண்டிய வளையத்துக்குச் செல்கின்றது, வேண்டிய இடம் சுழன்று தன் கீழ் வரும்வரை காத்திருக்கின்றது. மடிக்கணினி வன்தட்டுக்களிற் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 முறை, அஃதாவது விநாடிக்கு 90 முறை சுழல்வன. ஒரு சுற்றுக்கு விநாடியின் ஆயிரத்தில் 11 கூறு செல்லும். சராசரியாக அரைச் சுற்று நேரம் காத்திருக்க வேண்டும். புயம் அசையும் நேரத்தையும் கூட்டினால் ஆயிரத்தில் 15 கூறு ஆகும். இது மிகச் சிறிய காலம் போலத் தோன்றும். விநாடிக்கு மூவாயிரம் மில்லியன் முறை துடிக்கும் செயலிக்கு அஃது எத்தகையது என்பதை அறிய வேண்டுமாயின், செயலியின் ஒரு துடிப்பை ஒரு விநாடியாக நீட்டிப் பார்த்தல் வேண்டும். அப்போது, நினைவகத்திலிருந்து ஒன்றனைப் பெறுதற்கு ஐந்து நிமிடம் ஆகும். வன்தட்டிலிருந்து பெறுதற்கு ஓராண்டும் ஐந்து மாதமும் ஆகும்!

பெருங்கோப்பு ஒன்றினைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது வன்தட்டும் விநாடிக்கு 100 மெகாபைட் அளவிற் கொடுக்கும். திரைப்படம் பார்ப்பதற்கு அது போதியதினும் மிகுதி. ஆனால் கணினி விழித்தெழும்போதும், செயனிரல் ஒன்று திறக்கும்போதும் வேண்டப்படுவன அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் பல்லாயிரம் சிறு துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் புயம் அசைதல் வேண்டும். விநாடிக்கு 60, 70 துண்டுகளுக்கு மேல் எடுத்தல் இயலாது. நான்கு கிலோபைட் அளவுள்ள துண்டுகளாயின், விநாடிக்குக் கால் மெகாபைட்டளவே வந்து சேரும். கடைப்பலகையில் எழுதப்படும் வேகம் முன்னையது. நாம் மேசையில் அனுபவிப்பது பின்னையது.

எஸ்.எஸ்.டி.யில் இவ்வசைவு எதுவும் இல்லை. யப்பானியத் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோகா என்பார் 1984ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த பிளாஷ் என்னும் நினைவுச் சில்லின் வழிவந்தது இது. நுண்ணிய மின்னேற்றங்களைக் காவலிட்ட சிற்றறைகளில் அடைத்துவைத்து, மின்சாரம் நின்ற பின்னரும் அவை கசியாது காப்பதே இதன் முறை. இதனைத் ‘திண்மநிலைத் தட்டு’ என மொழிபெயர்ப்பார் உளர். உள்ளே தட்டு எதுவும் இல்லாத ஒன்றனைத் தட்டு என வழங்குதலைத் தமிழாசிரியன் என்ற முறையில் யாம் ஏற்றுக்கொள்வதற்கில்லை. திண்மநிலைத் தேக்ககம் என்பது பொருந்தும். அதனிடமிருந்து ஒரு துண்டைப் பெறுதற்கு விநாடியின் பதினாயிரத்தில் ஒரு கூறளவே செல்லும். முன்னர்க் கூறிய நீட்டிய கணக்கில் இது மூன்றரை நாள். ஓராண்டு ஐந்து மாதத்தையும் மூன்றரை நாளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, அந்தத் தாயாரின் சீட்டுப் பணம் எம் கண்முன் வந்தது.

எம் நண்பர் அம்மாணவனின் கணினியைத் திறந்து, வன்தட்டை அகற்றி, அதே வடிவிலமைந்த திண்மநிலைத் தேக்ககம் ஒன்றனை அவ்விடத்திற் பொருத்தினார். விலையை யாம் கொடுத்தோம். அரை நிமிடத்துக்குள் கணினி எழுந்துவிட்டது. மாணவன் மகிழ்ந்தான். யாமோ மகிழ்ந்ததோடு நில்லாது, புதுச் சமயம் புகுந்தவர் போல ஆயினோம். கண்டார்க்கெல்லாம் எஸ்.எஸ்.டி.யின் பெருமையை எடுத்துரைத்தோம். செயலியைப் பற்றிக் கவலை வேண்டா என்றும் சேர்த்துக் கூறினோம்.

இந்நிலையிற் பொருளாதார நெருக்கடி வந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ரூபா மிதக்கவிடப்பட, 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியது. இறக்குமதிப் பொருளாகிய மடிக்கணினியின் விலையும் அவ்வழியே ஏறியது. அடுத்த ஆண்டு, பொறியியற் பீடத்துக்குத் தெரிவான மாணவன் ஒருவன் எம்மிடம் வந்தான். தந்தையார் கட்டட வேலை செய்பவர். கையிலுள்ள பணத்துக்குக் கிடைக்கக் கூடியவை இரண்டே: பழைய இருப்பில் நின்ற, வன்தட்டுடன் கூடிய கோர் ஐ-3 கணினி ஒன்று, செலரன் என்னும் மெலிந்த செயலியுடன் ‘128 எஸ்.எஸ்.டி.’ என ஒட்டப்பட்ட புதுக் கணினி ஒன்று. யாம் சற்றும் தயங்கவில்லை. முன்னையதில் இருந்து பின்னையதற்கு அவனைத் திருப்பினோம்.

அக்கணினி விரைவாகத்தான் எழுந்தது. கடிதம் எழுதுவதற்கும் குறிப்பெடுப்பதற்கும் குறை கூறுதற்கில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டிற் பொறியியல் வரைபடங்களை வரையும் செயனிரலை ஏற்றியபோது அது திணறியது. உருவைச் சிறிது திருப்பினாற் படம் துண்டு துண்டாக நகர்ந்தது. டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தோம். இம்முறை செயலி நூற்றுக்கு நூறு. தேக்ககம் நூற்றுக்கு மூன்று. அதிலிருந்த செலரன் என்-4020 இரண்டே கருக்கள் உடையது. ஆறு வாற்று வெப்பத்துக்குள் அடங்குமாறு ஆக்கப்பட்டது. எளிய வேலைகளுக்கு உரியதேயன்றி வரைபடத்துக்கு உரியதன்று. எஸ்.எஸ்.டி. என ஒட்டியிருந்ததும் உண்மையில் இ.எம்.எம்.சி. எனப்படும், தாய்ப்பலகையிற் பற்றவைக்கப்பட்ட மலிவான சில்லு. நண்பர் அதனைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். செயலியும் பற்றவைக்கப்பட்டது, தேக்ககமும் பற்றவைக்கப்பட்டது, நினைவகமும் அவ்வாறே. மாற்றுதற்கு எதுவும் இல்லை. அம்மாணவன் பீடத்தின் கணினிக்கூடத்தில் இடம் கிடைக்கும்வரை காத்திருந்து, இரவில் வரைந்தே அவ்வாண்டினைக் கடந்தான். அவன் எம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எமக்குக் கடினமாயிருந்தது.

நிற்க. முதலாமவனுக்குச் செயலியைக் கூறித் தவறினோம். இரண்டாமவனுக்குத் தேக்ககத்தைக் கூறித் தவறினோம். அற்றேல் உண்மை யாது? இதற்கு விடையளிக்கும் விதி ஒன்று 1967ஆம் ஆண்டிலேயே கூறப்பட்டுள்ளது. ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், பல செயலிகளை ஒருங்கு பூட்டுவதால் விளையும் பயனுக்கு எல்லை உண்டு என்று காட்டுவதற்காக அதனை எடுத்துரைத்தார். அதன் சாரம் வருமாறு: ஒரு வேலையின் எப்பகுதியை விரைவாக்கினும், மிச்சமாகும் நேரம் அப்பகுதி முன்னர் எடுத்த நேரத்தை விஞ்சாது. சொல்லும்போது இது சின்னஞ்சிறு கணக்கு. கடையில் நிற்கும்போது யாரும் நினைப்பதில்லை.

வன்தட்டுள்ள கணினியில் ஒரு வேலைக்கு 100 விநாடி செல்வதாக வைத்துக்கொள்வோம். அதில் 80 விநாடி தட்டுக்காகக் காத்திருப்பது. 20 விநாடி செயலி கணக்கிடுவது. இருமடங்கு விரைவுள்ள செயலியை இட்டால் 20 விநாடி 10 ஆகும், மொத்தம் 90. செயலியை விட்டுவிட்டுப் பத்துமடங்கு விரைவுள்ள தேக்ககத்தை இட்டால் 80 விநாடி 8 ஆகும், மொத்தம் 28. முதல் மாணவனுக்கு நேர்ந்தது இது. இனி, 28 விநாடியில் நின்று மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேக்ககத்தை மேலும் ஐந்து மடங்கு விரைவாக்கினால் 8 விநாடி ஒன்றரைக்குச் சற்று மேலாகும். மொத்தம் ஏறக்குறைய 21½. அதே பணத்திற் செயலியை இருமடங்கு ஆக்கியிருந்தால் மொத்தம் 18! முன்னர்த் தோற்ற செயலி இப்போது வெல்கின்றது.

எம் பாட்டனாரும் இதனை அறிந்திருந்தார். துலாவை விட்டு நீரிறைக்கும் இயந்திரம் வாங்கிய முதல் நாள், தண்ணீர் மாறுபவர் ஓடியோடி வரம்பு வெட்டியும் ஈடுகொடுக்க இயலாமல் இரண்டு பாத்திகள் உடைந்தன என்று அவர் சொல்லக் கேட்டுள்ளோம். அதற்கு மேலும் பெரிய இயந்திரம் வாங்க அவர் எண்ணவில்லை. தண்ணீர் மாறுவதற்கு இன்னொருவரை அமர்த்தினார்.

இக்கணக்கினால் இன்றைய கடைகளில் நடைபெறும் ஒரு விடயம் தெளிவாகும். திண்மநிலைத் தேக்ககத்திலும் இரு வகை உண்டு. சாட்டா என்னும் பழைய இணைப்பில் வருவது விநாடிக்கு 550 மெகாபைட் அளவில் தரும். என்.வி.எம்.இ. என்னும் முறையில் வருவது 3,500 மெகாபைட்டும், அதன் பின்வந்தவை 7,000 மெகாபைட்டும் தரும். இவ்வெண்களைக் கண்டு மயங்கி, 3,500ஐ 7,000 ஆக்குவதற்காகக் குறைந்த செயலியை ஏற்போர் உளர். பெரும் நிகழ்படக் கோப்புக்களை நாள்தோறும் படியெடுப்பார்க்கு அது பயன்படும். மாணவனுக்கோ ஆசிரியனுக்கோ அவ்வேறுபாடு கண்ணிற் படுவதே அரிது. வன்தட்டிலிருந்து ஏதேனும் ஒரு திண்மநிலைத் தேக்ககத்துக்குச் செல்வது பெரும் பாய்ச்சல்; அதற்கு அப்பாற்பட்டவை சிறு படிகள். ஆகவே, முதற்பாய்ச்சலுக்கு உரிய பணத்தை ஒருபோதும் மறுத்தலாகாது. அது கிடைத்தபின் எஞ்சும் பணத்தைச் செயலிக்கும் நினைவகத்துக்கும் கொடுத்தலே தகும். இதுவே எம் தீர்ப்பு.

இத்தீர்ப்புக்கு ஒரு புறனடையும் உண்டு. அது எம் இரு மாணவரின் கதையிலேயே உள்ளது. முதலாமவனின் பிழை திருத்தத்தக்கதாயிருந்தது. இரண்டாமவனின் பிழை அவ்வாறன்று. சென்ற பத்தாண்டுகளில் வந்த மடிக்கணினிகளிற் பெரும்பாலும் செயலி தாய்ப்பலகையிற் பற்றவைக்கப்பட்டே வருகின்றது. வாங்கும் நாளில் எதுவோ, கணினி அழியும் நாளிலும் அதுவே. தேக்ககம் பலவற்றிற் கழற்றி மாற்றத்தக்கது. ஆதலாற் பணம் போதாதவன், தேக்ககம் மாற்றத்தக்கதென்று உறுதியானால், இன்று நல்ல செயலியையும் சிறிய தேக்ககத்தையும் வாங்கி, பின்னொரு நாளிற் பெரிய தேக்ககத்தைப் பொருத்திக்கொள்ளலாம். இதன் மறுதலை இயலாது. “இதில் எஸ்.எஸ்.டி. கழற்றலாமா? ராம் கூட்டலாமா?” என்னும் இரு வினாக்களைக் கடைக்காரரிடம் கேட்டு, விடையைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்தல் நன்று. எழுத மறுப்பாராயின் அம்மறுப்பையே விடையாகக் கொள்ளலாம்.

செயலியைத் தெரிவு செய்வதில் இன்னும் ஒரு பொறி உண்டு. ஐ-3, ஐ-5, ஐ-7 என்னும் எண்கள் வகுப்பு எண்கள் போல ஏறிச் செல்வதால், ஏழு ஐந்தினும் பெரிது என மக்கள் எண்ணுகின்றனர். ஒரே தலைமுறைக்குள் அது பெரும்பாலும் பொருந்தும். தலைமுறை மாறினாற் பொருந்தாது. இன்டெல் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ-7 7500யூ இரண்டு கருக்கள் உடையது. அதற்கு அடுத்த ஆண்டில் வெளியிட்ட ஐ-5 8250யூ நான்கு கருக்கள் உடையது. பல வேலைகளை ஒருங்கே செய்யும்போது ‘ஐந்து’ ‘ஏழை’ வென்றுவிடும். இத்தனைக்கும் விளம்பரத்தில் முதலில் எழுதப்படும் கிகாஹேர்ட்ஸ் எண் ஏழுக்கு 2.7, ஐந்துக்கு 1.6. பெயரின் பின்னால் வரும் நீண்ட எண்ணைப் படியாதவன் பட்டத்தை மட்டும் பார்த்து மாப்பிள்ளை தேடுபவனை ஒப்பான்.

தன்னிடம் ஏற்கெனவே கணினி உள்ளவன் பிறரைக் கேட்கவே வேண்டியதில்லை. தான் வழமையாகச் செய்யும் வேலை மந்தமாகும் வேளையில், மேலே கூறிய மூன்று விசைகளை அழுத்தி, செயற்றிறன் காட்டும் பக்கத்தைப் பார்த்தாற் போதும். தேக்ககம் நூறு, செயலி பத்து என நின்றாற் குறை தேக்ககத்தில் உள்ளது. செயலி நூறு என நின்றாற் கணினியையே மாற்ற வேண்டும். நினைவகம் நிரம்பி நின்றால் ராம் கூட்டுதல் வேண்டும். நினைவகம் போதாதபோது கணினி தேக்ககத்தின் ஒரு பகுதியையே நினைவகமாகக் கொண்டு அங்குமிங்கும் மாற்றத் தொடங்கும். தொட்டி நிரம்பி வழிய, வழிந்த நீரைக் கிணற்றில் ஊற்றி மீண்டும் இறைப்பது போன்றது அது. வின்டோஸ் 10இன் 2020ஆம் ஆண்டுப் பதிப்புத் தொடக்கம், தேக்ககம் எவ்வகையினது என்பதையும் அப்பக்கமே காட்டுகின்றது. பாமினியிலோ யூனிக்கோட்டிலோ தமிழ் தட்டச்சிடுவதற்கு இவற்றில் எதுவும் பெரிதாக வேண்டியதில்லை என்பதையும் கூறிவிடுதல் நேர்மை. அங்கே மந்தமானவை எம் விரல்களே.

வேகத்தைத் தவிர வேறு காரணங்களும் திண்மநிலைத் தேக்ககத்தின் பக்கம் உள்ளன. அசையும் உறுப்பு இன்மையால் அது குலுங்கலுக்கு அஞ்சுவதில்லை. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே இரவுப் பேருந்தின் மேற்றட்டிற் பை வைத்துச் செல்லும் மாணவனுக்கு இது சிறு நன்மையன்று. எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்னும் அச்சமும் பரவியுள்ளது. 500 கிகாபைட் அளவினவற்றுக்கு 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தரப்படுவது வழமை; நாளொன்றுக்கு 20 கிகாபைட் எழுதினும் நாற்பதாண்டு செல்லும். ஆனால் வன்தட்டு இறக்குமுன் முனகும். திண்மநிலைத் தேக்ககம் பலவேளைகளில் முன்னறிவிப்பின்றியே போய்விடும். ஆதலின் ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் பிரதியொன்றை வேறிடத்தில் வைத்தே ஆகவேண்டும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வார்த்தை. இலண்டனிலிருந்தும் தொரன்ரோவிலிருந்தும் வரும்போது தாம் பயன்படுத்திய மடிக்கணினிகளைக் கல்லூரிக்கெனக் கொண்டுவருகின்றீர்கள். அந்நன்றியை யாம் மறவோம். 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் தேதியுடன் வின்டோஸ் 10க்குரிய வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. வின்டோஸ் 11, இன்டெல் செயலிகளிற் சில விலக்குகள் நீங்கலாக எட்டாந் தலைமுறையும் அதற்குப் பின்வந்தவையும் உள்ள கணினிகளையே முறைப்படி ஏற்கும். ஆகவே எட்டாந் தலைமுறைக்குப் பிற்பட்ட கணினியாயின், வன்தட்டுடன் இருந்தாலும், தேக்ககமே இல்லாதிருந்தாலும் தயங்காது கொண்டுவாருங்கள். தேக்ககத்தை இங்கே நாமே மாற்றிக்கொள்வோம். அதற்கு முற்பட்டவையும் வீணல்ல. திண்மநிலைத் தேக்ககம் ஒன்றனைப் பொருத்தி லினக்ஸ் ஏற்றினால் நூலகத்தில் வைத்துப் பயன்படுத்தலாம். எம் நண்பர் அவ்வாறு ஆக்கிய நான்கு கணினிகள் இன்று அங்கே உள்ளன. ஆயின், பல்கலைக்கழகம் செல்லும் மாணவன் கையில் அவற்றைக் கொடுத்தனுப்புதலை யாம் விரும்பவில்லை. பழைய மாணவர் சங்கத்தார் உதவித்தொகையாகப் பணம் வழங்கும்போது, மாணவன் எந்தப் பீடத்துக்குச் செல்கின்றான் என்பதையும் கேட்டறிந்து தொகையை நிருணயித்தால் நன்று. கலைப் பீடத்தானுக்குப் போதியது பொறியியற் பீடத்தானுக்குப் போதாது.

முதலாவது மாணவன் பட்டம் பெற்றுவிட்டான். அதே கணினியையே இன்னும் பயன்படுத்துகின்றான். இரண்டாமவனுக்கு இறுதியாண்டுத் தொடக்கத்தில் எம் நண்பரும் யாமும் வேறு சிலரும் சேர்ந்து, ஆறு கருக்களையுடைய செயலி கொண்ட பாவித்த கணினி ஒன்றனை வாங்கிக் கொடுத்தோம். இம்முறை விலை பேசுமுன் நண்பர் அதன் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தார். முதலாமவனின் கணினியிலிருந்து அகற்றிய ஆயிரம் கிகாபைட் வன்தட்டு, சிறு உறையொன்றிற் பொருத்தப்பட்டு எம் மேசை இலாச்சியில் உள்ளது. இம்மலருக்கு வந்த கட்டுரைகள் அனைத்தினதும் பிரதிகள் அதிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. திறப்பதற்குச் சற்று நேரம் செல்லும்.